தொழில் ஒன்றும் தெரியாதவள்

மார்ச் 6

பல்செட்டுக்காரருக்கு,

ஃபோனில் பேசினால் நாலாவது வார்த்தையிலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் நம்பரை மாற்றினேன். காகிதத்தில் என்றால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். இது மூன்றாவது தாள்.

ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று, இதோ மார்ச்சும் வந்துவிட்டது. ஜீவனாம்சம் வரவில்லை. விவாகரத்துத் தீர்ப்பாகிப் பதினாறு மாதத்தில் முதல் பதிமூன்று மாதம் ஐந்தாம் தேதி பிறந்தால் வந்துவிடும். அதற்காக நன்றி சொல்லவேண்டுமா என்றுகூட யோசித்திருக்கிறேன். இப்போது என்ன ஆயிற்று? கை முறிந்துவிட்டதா? பணத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டீர்களா?

என் நிலைமையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை. காலையில் கீழே இஸ்திரி போட ஆரம்பித்தால் என் தரை சுடும். ஜன்னலைத் திறந்தால் சோப்பு நெடி. ஆனால் கதவுக்கு ஒரே சாவிதான், அது என் கைப்பையில் இருக்கிறது. வாடகை இரண்டு மாதம் பாக்கி. வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னைப் பார்த்தால் தொண்டையைச் செருமுகிறார்.

மகள், "அம்மா, பேசாம இங்க வந்துடு, பின் அறை சும்மாதான் கிடக்கு"ன்னு வாரம் ஒரு முறை சொல்கிறாள். போகமாட்டேன். மருமகன் வீட்டுப் பின் அறையில் உட்கார்ந்து அடுத்த வேளைக்கு அவர்கள் கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. இந்தச் சாவி இருக்கிறவரைக்கும் நான் மனுஷி.

என் வக்கீல் மனு தயாராக வைத்திருக்கிறார். பாக்கி வைத்தால் உங்களை உள்ளே வைக்கலாமாம். மாதக் கடைசி வரை பொறுக்கிறேன். இது கெஞ்சல் இல்லை.

இப்படிக்கு,
மகளின் அம்மா


மார்ச் 12

மகளின் அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிண்டல் மட்டும் குறையவில்லை, சந்தோஷம்.

கை முறியவில்லை. தொழில்தான் முறிந்துகொண்டிருக்கிறது. பல் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் முன்பு வாரத்துக்கு எட்டு வாய் அச்சு அனுப்புவார். போன மாதம் முழுக்க மூன்று. இப்போது எல்லாம் மெஷினில் வருகிறதாம், கம்ப்யூட்டரில் அளவெடுத்து மறுநாளே பல் வந்துவிடுகிறதாம். நான் என்ன செய்ய முடியும்? பாலிஷ் போடும் மோட்டார் இரண்டில் ஒன்றை விற்றுவிட்டேன். இன்னொன்றை விற்றால் என் பல்லால்தான் தேய்க்கவேண்டும்.

ஒரு வாத்தியாரம்மா, வயது எழுபத்தைந்து. மேல்செட்டை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டாள். ஈறில் குத்துகிறதா என்றால் இல்லை என்கிறாள். கடிக்க முடியவில்லையா என்றால் முடிகிறது என்கிறாள். பின்னே என்னதான் வேணும்? "பல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணாடில வேற யாரோ நிக்கிறாங்க"ன்னு சொன்னாளாம். இதற்கெல்லாம் நான் எங்கே போவது?

இத்துடன் ஒரு மாதத்தில் பாதி அனுப்பியிருக்கிறேன். உள்ளே வைக்கவேண்டுமென்றால் வைத்துக்கொள். அங்கே வாடகை இல்லை.

ஒரு விஷயம். முனை வளைந்த அந்தச் சின்ன மெழுகுக் கத்தியைக் காணவில்லை. எங்கே வைத்தாய் என்று எழுது.


மார்ச் 20

மதிப்பிற்குரிய ஐயா,

கத்தி என்னிடம் இருக்கிறது. நான்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். இருபத்திரண்டு வருஷம் என் கையில் இருந்த கத்தி, உங்களிடம் கேட்டுத்தான் எடுக்கவேண்டுமா?

மெஷின் மேல் பழியைப் போடாதீர்கள். மெஷின் வந்து ஆறு வருஷம் ஆகிறது. நான் போய்த்தான் இரண்டு வருஷம் ஆகிறது. நீங்கள் பல் அடுக்கினால் வேலி நட்ட மாதிரி நேராக நிற்கும். மனுஷ வாயில் எங்கே அப்படி இருக்கிறது? நான் ஒவ்வொருவரிடமும் இளவயதில் எடுத்த போட்டோ கேட்டு வாங்கி, எந்தப் பல் கோணல், எது ஒதுங்கி நிற்கும் என்று பார்த்துப் பார்த்து மெழுகில் வைத்தேன். அவர்கள் கண்ணாடியில் தங்களையே பார்த்தார்கள். நீங்கள் மாவு கலந்து அச்சு ஊற்றினீர்கள், வேக வைத்தீர்கள், பில் போட்டீர்கள்.

அன்றைக்குப் பல் டாக்டர்கள் சங்க விழாவில் உங்களுக்குக் கேடயம் கொடுத்தார்களே, நான் மூன்றாவது வரிசையில் புதுப் புடவையோடு உட்கார்ந்திருந்தேன். மைக்கைப் பிடித்து என்ன சொன்னீர்கள்? "இருபது வருஷமா ஒத்தை ஆளா உழைச்சேன்." பக்கத்தில் இருந்த டாக்டர் மனைவி கைதட்டச் சொல்லி என்னை இடித்தாள். தட்டினேன். அந்த வாரம்தான் பெட்டியை எடுத்தேன். வேறு யாரோ என்னைத் தூண்டிவிட்டதாக இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களாம்.

கோர்ட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்து வைத்துப் புளித்துவிட்டது. ஜட்ஜ் அம்மா கேட்டார், "உங்களுக்கு என்ன தொழில் தெரியும்?" தொழில் தெரியும் என்றால் ஜீவனாம்சம் கிடைக்காது என்று என் வக்கீல் முதல் நாளே மிரட்டி வைத்திருந்தார். "ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். சொல்லும்போதே உங்களைப் பார்த்தேன். இந்த மனிதர் இப்போதாவது எழுந்து "பொய், என் பட்டறையே இவ கைலதான் ஓடிச்சு" என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் எனக்கு ஒரு காசு கொடுக்கவேண்டியிருக்காது உங்களுக்கு. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஆமாங்க, அவளுக்கு அடுப்படியைத் தவிர ஒண்ணும் தெரியாது." உங்கள் வக்கீலே தலையில் அடித்துக்கொண்டார். மாதாமாதம் தண்டம் அழுதாலும் அழுவேன், பொண்டாட்டி கைவேலை என்று ஒப்புக்கொள்ளமாட்டேன் என்று நின்றீர்களே, அப்பா!

எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மைக் வேண்டாம், ஊர் வேண்டாம். எனக்கு மட்டும். அந்தப் பற்கள் யார் கைவேலை என்று. எழுதினால் வக்கீலை நிறுத்துகிறேன், பாக்கிக்கும் ஆறு மாதம் தவணை தருகிறேன்.


ஏப்ரல் 2

மகளின் அம்மாவுக்கு,

நீ கேட்டதை எழுதினால் அதைக் கோர்ட்டில் காட்டி, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று மாட்டிவிடமாட்டாய் என்று என்ன நிச்சயம்? "அவங்களுக்கு எதையும் எழுதிக் குடுத்துடாதீங்க சார்"னு என் வக்கீல் சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே இந்தக் கடிதப் போக்குவரத்தே அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த விழாவில் நான் அப்படிச் சொல்லியிருக்கவேண்டாம்தான். மைக்கைப் பார்த்ததும் எழுதி வைத்திருந்த தாளை மறந்துவிட்டேன். தாளில் உன்னைப் பற்றி ஒரு வரி இருந்தது. நம்பினால் நம்பு.

இன்னொன்று. வாத்தியாரம்மாவின் பழைய போட்டோ ஒன்றை அவள் மகன் கொண்டுவந்து கொடுத்தான். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது, சிரிக்கிறாள். இத்துடன் வைத்திருக்கிறேன். சும்மா பார். ஒன்றும் எழுதவேண்டாம், எழுதினாலும் சரி.

பட்டறையில் உன் ஸ்டூல் அப்படியே இருக்கிறது. அதன் மேல் பிளாஸ்டர் மூட்டையை வைத்திருந்தேன், இப்போது எடுத்துவிட்டேன்.


ஏப்ரல் 9

ஐயா,

சும்மா பார் என்றால் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பேன் என்று நினைத்தீர்களா? உங்கள் தந்திரம் எனக்குத் தெரியாதா? நான் கேட்ட ஒரு வரியை எழுத வக்கீல் தடுக்கிறார், பல்லைப் பற்றிக் கேட்க மட்டும் வாய் வருகிறது.

சரி, அந்த அம்மாவுக்காகச் சொல்கிறேன். இடது பக்கம் இரண்டாவது பல்லை நகக்கண் அளவுக்கு முன்னால் இழுத்து, நடுப்பல்லின் மேல் லேசாக ஏறுகிற மாதிரி வையுங்கள். வலது கோரைப்பல்லை இரண்டு நூலிழை உள்ளே தள்ளுங்கள். நடுப்பல் இரண்டும் ஒரே உயரம் கூடாது. இடதை ஒரு இழை தேய்த்துவிடுங்கள், அந்தப் போட்டோவில் அவள் அந்தப் பக்கமாகத்தான் சிரிக்கிறாள். ஈறை வழுவழு என்று விடாதீர்கள். மெழுகு ஆறும்போதே பிரஷ் முனையால் புள்ளி புள்ளியாகக் குத்துங்கள். பல் நிறத்தை ஒரு படி குறைத்து எடுங்கள். எழுபத்தைந்து வயதில் அவ்வளவு வெள்ளை ஆகாது. போட்டோவை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன்.

வக்கீலிடம் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். "இப்படி இரக்கம் பார்த்தா கேஸ் நடத்த முடியாதும்மா" என்று அலுத்துக்கொண்டார்.

ஸ்டூலின் ஒரு கால் ஆடும். உட்கார்ந்து விழுந்து வைக்காதீர்கள்.


ஏப்ரல் 30

மெழுகுக்காரிக்கு,

இப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது? கோபம் வந்தால் இந்த வார்த்தையை அடித்துவிட்டு மீதியைப் படி.

வாத்தியாரம்மா நேற்று வந்தாள். நீ சொன்னபடியே செய்தேன். கோரைப்பல்லை மட்டும் நாலு முறை வைத்து வைத்து எடுத்தேன், என் விரல் தடி. செட்டை வாயில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் நின்ற மகனிடம், "டேய், உங்கப்பா என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப நான் இப்படித்தான்டா இருந்தேன்"னு சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பில் போட மறந்துவிட்டேன். அப்புறம் அவளே கேட்டுக் கொடுத்தாள்.

பெரிய டாக்டருக்குச் செய்தி போய், இந்த வாரம் நாலு அச்சு அனுப்பியிருக்கிறார். இரண்டு மாதப் பணம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

நான் ஒன்று கேட்கட்டுமா? அச்சை உன் அறைக்கே அனுப்பிவிடுகிறேன். மெழுகு, அடுப்பு எல்லாம் நான் வாங்கித் தருகிறேன். நீ பல்லை அடுக்கி அனுப்பு. செட்டுக்கு இவ்வளவு என்று கூலி. நீ சொல்வதுதான் கணக்கு, வாய் திறக்கமாட்டேன்.

உன் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக, கோணலாகிவிட்டது? கண்ணாடியை மாற்று.


மே 8

ஐயா,

பணம் வந்தது. வாடகை கட்டிவிட்டேன். வீட்டுக்காரர் இன்று சிரித்தார், அவருக்கும் இரண்டு பல் மாற்றவேண்டியிருக்கிறது.

வாத்தியாரம்மா சொன்னதைச் சலவைக்கடை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம், அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அச்சு அனுப்பவேண்டாம். போட்டோ அனுப்புங்கள், சொல்கிறேன். கத்தியைத் தொடமாட்டேன். காரணம் கேட்காதீர்கள்.

கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது. பேனா சரியில்லை.


ஜூன் 3

மெழுகுக்காரிக்கு,

நீ காரணம் கேட்காதே என்றாய். கேட்கவில்லை, எனக்கே தெரியும். கோர்ட்டில் "தொழில் தெரியாது" என்று சொல்லிவிட்டு இப்போது வேலை செய்தால் பொய் வெளியே வந்துவிடும் என்ற பயம் பாதி. இவன் வாயால் ஒப்புக்கொள்ளாமல் இவனுக்கு ஒரு பல்கூட வைக்கமாட்டேன் என்ற ரோஷம் பாதி. இருபத்திரண்டு வருஷம் உன்னோடு இருந்தவன், இதுகூடவா தெரியாது?

நீ ஒரு வரி கேட்டாய். நான் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். உனக்கு மட்டும் இல்லை, கோர்ட்டுக்கு. யார் மெழுகு வைத்தது, யார் போட்டோ கேட்டு வாங்கியது, கேடயம் யாருக்குச் சேரவேண்டியது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தீர்ப்பு நாளில் நான் சொன்னது பொய் என்றும் எழுதினேன். வக்கீல் கேட்டார், "சார், இதை அன்னிக்கே சொல்லியிருந்தா இந்தப் பணமே கட்டியிருக்க வேணாமே, பைத்தியமா நீங்க?" ஆமாம் என்றேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன். உனக்குத் தொழில் தெரியும் என்று ஆகிவிட்டால் ஜீவனாம்சம் நின்றுவிடுமாம். ஆனால் கூலியே அதைப்போல இரண்டு மடங்கு வரும், தொடர்ந்து வேலை தருவதாகப் பெரிய டாக்டரே எழுதித் தருகிறேன் என்கிறார். இனி நீ யாருக்கும் பயப்படாமல், உன் பேரிலேயே வேலை செய்யலாம். போர்டிலேயே உன் பேரைப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

நான் சொல்வதை மட்டும் வைத்து நம்பமாட்டார்கள், சாட்சி வேண்டும் என்றார் வக்கீல். ஏப்ரலில் நீ எழுதினாயே, இடது பக்கம் இரண்டாவது பல் என்று, அந்தக் கடிதத்தையும் வாத்தியாரம்மா போட்டோவையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அதைப் படித்த எவனும் உனக்குத் தொழில் தெரியாது என்று சொல்லமாட்டான்.

ஜூலை 10 விசாரணை. நானே எழுந்து சொல்லப்போகிறேன். வந்து கேள்.


ஜூலை 29

ஏங்க,

இது என் கையெழுத்து இல்லை என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். கீழே சலவைக்கடை அம்மா எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. "எல்லாத்தையும் அப்படியே எழுதணுமாக்கா?" என்று கேட்கிறாள். ஆமாம், நீ கேட்டதையும் சேர்த்து எழுது என்றேன்.

உங்கள் நாலு பக்கத்தின் நகல் எனக்கு வந்தது. மூன்று முறை படித்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. என் வக்கீல்தான் குதித்தார், "இதுக்கு எப்படிம்மா பதில் போடுறது? உங்க கையெழுத்துலயே இருக்கே!"

விசாரணை அன்று ஜட்ஜ் அம்மா என் கடிதத்தைக் கையில் எடுத்து வாய்விட்டுப் படித்தார். ஆவணம் எண் மூன்று. "நடுப்பல் இரண்டும் ஒரே உயரம் கூடாது" என்று அவர் படித்தபோது பின்னால் யாரோ தங்கள் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் நீங்கள் எழுந்தீர்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "அவ கைதாங்க. என் பேர்ல இருக்கிற ஒவ்வொரு செட்டும் அவ கைதான். நான் அச்சு ஊத்தி வேக வெச்சேன், அவ்வளவுதான்" என்றீர்கள். உங்கள் குரல் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்டது.

ஜட்ஜ் அம்மா என்னைக் கேட்டார், "இது உண்மையா?" உண்மை என்றேன். "இப்பவும் இந்த வேலையை உங்களால செய்ய முடியுமா?"

இதைக் கேளுங்கள். எனக்கு வலது கைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மடங்கி ஒன்றேகால் வருஷம் ஆகிறது. காலையில் எழுந்தால் இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கவேண்டும். கதவுச் சாவியைத் திருப்ப இரண்டு கை வேண்டும். பேனாவை முஷ்டியில் பிடித்துத்தான் எழுதினேன். கத்தியை என்னால் பிடிக்க முடியாது. உங்களுக்கு ஏன் சொல்லவேண்டும் என்றிருந்தேன். மகளுக்குச் சொன்னால் அன்றைக்கே வண்டி கொண்டுவந்து அழைத்துப் போய்விடுவாள். வக்கீலுக்கும் சொல்லவில்லை. தொழிலே தெரியாதவளுக்கு விரல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

கையைத் தூக்கிக் காட்டியிருந்தால் போதும். பணம் நின்றிருக்காது. ஆனால் இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து காதால் கேட்ட வார்த்தைங்க அது. "அவ கைதான்" என்று நீங்கள் சொல்லி வாய் மூடவில்லை, எல்லாரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள், அந்த நேரத்தில் இந்தக் கோணல் கையை எடுத்து நீட்ட எனக்கு மனசு வரவில்லை. கைப்பைக்கு அடியில் மறைத்துக்கொண்டு, "முடியும்ங்க" என்றேன்.

தீர்ப்பு நாளில், பணம் போனாலும் பரவாயில்லை என்று நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எத்தனை நாள் உங்களைத் திட்டியிருக்கிறேன். இப்போது திட்ட வாய் வரவில்லை.

ஜீவனாம்சம் ரத்து என்று உத்தரவு வந்துவிட்டது. பெரிய டாக்டர் ஆள்விட்டு இரண்டு அச்சு அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். மகள் நாளைக்கு வருகிறாள். பின் அறையில் புதுத் திரை போட்டிருக்கிறாளாம். அறைச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் என்னவோ சொன்னார், எனக்குக் காதில் விழவில்லை.

பணம் அனுப்புகிறேன், வந்து பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். வேண்டாம். கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். இனிப் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் எழுந்து நின்று சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லாமல் போகக்கூடாது. இந்த இடத்தில் எழுதுகிறவள் பேனாவை வைத்துவிட்டு மூக்கைச் சிந்துகிறாள், கொஞ்சம் மை பரவியிருக்கும்.

வளைந்த கத்தியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஓரம் இன்னும் நன்றாக இருக்கிறது, தீட்டாதீர்கள். வாத்தியாரம்மா கீழ்செட்டுக்கு வந்தால் அவள் இடது பக்கமாகச் சிரிக்கிறவள் என்பதை மறக்கவேண்டாம். கத்தியைச் சூடு பண்ணிப் பிடிக்கும்போது பிடியில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். நான் சுற்றிக்கொள்ளவில்லை.